வெயிலும் விளக்கும்: விமானக் காட்சித்திரைகளின் பின்னொளி

பட்டப்பகலில் முற்றத்தில் ஏற்றிவைத்த விளக்கின் சுடர் எவர் கண்ணுக்கும் எளிதிற் புலனாவதில்லை. சுடரின் ஒளி குன்றியமையால் நிகழ்வதன்று இது. சூழவுள்ள ஒளி பெருகியமையால் நிகழ்வதாகும். இரவில் இல்லம் முழுவதையும் விளக்கிய அதே சுடர், நண்பகலில் இருந்தும் இல்லாததாகின்றது. எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையே இக்கால விமானங்களின் கருவிகளை அமைக்கும் பொறியியலறிஞர்க்குப் பெரியதோர் இடர்ப்பாடாக வாய்த்துள்ளது. விமானத்தின் உயரம், விரைவு, சாய்வு, செல்லுந்திசை ஆகிய யாவும் இன்று ஒளிரும் திரைகளிலேயே காட்டப்படுகின்றன. முகிலிடையே செல்லும் விமானிக்கு அத்திரையே நிலமும் வானமும் ஆகும். ஞாயிறு நேர்நின்று எறிக்கும் வேளையிலும் அது தெளிவாகத் தோன்றுதல் வேண்டும். அந்த ஞாயிறே தரும் வெப்பத்திலும் பழுதுறாது நிலைத்தல் வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றையொன்று எதிர்ப்பன. அவ்வெதிர்ப்பின் தன்மையும் அதனைத் தீர்க்கும் வழிகளும் இக்கட்டுரையில் ஆராயப்படும்.

விமானியறையின் கருவிகள் நெடுங்காலம் முள்ளும் எண்வட்டமும் உடையனவாய் இருந்தன. தம்மேல் விழும் ஒளியைத் தெறிக்கச்செய்தே அவை கண்ணுக்குப் புலனாயின. ஆதலின் வெயில் மிகுந்தோறும் அவற்றின் தெளிவும் மிகுந்தது. 1982 ஆம் ஆண்டிற் சேவைக்கு வந்த போயிங் 767 விமானத்தில் முதன்மையான எண்வட்டங்கள் சிலவற்றின் இடத்தைக் கதோட்டுக் கதிர்க் குழாய்கள் பெற்றன. 1988 இல் வந்த எயர்பசு ஏ320 விமானத்தில் அத்தகைய திரைகள் ஆறு அமைந்தன. 1995 இற் சேவைக்கு வந்த போயிங் 777 பயணிகள் விமானம், குழாயை நீக்கித் தட்டையான திரவப்பளிங்குத் திரைகளை மேற்கொண்டது. 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்திலாந்திசு என்னும் விண்வெளியோடம் இத்தகைய திரைகள் பதினொன்றுடன் விண்ணிற் சென்றது. பாரமும் ஆழமும் மின்செலவும் மிக்க குழாயிலும் பார்க்கத் தட்டைத்திரை பலவகையிற் சிறந்ததே. ஆயினும் இம்மாற்றங்களால் ஒரு புதிய கடமை பொறியியலாளர் தலைமேல் ஏறியது. பழைய எண்வட்டத்துக்கு நண்பனாயிருந்த ஞாயிறு, தானே ஒளிரும் திரைக்குப் பகையாயிற்று.

திரவப்பளிங்கு என்பது யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1888 ஆம் ஆண்டில் ஒசுத்திரியத் தாவரவியலறிஞரான பிரீதிறிக் றைனிற்சர் கொலத்தரோற் சேர்வை ஒன்றினை வெப்பமாக்கியபோது, அது சதமவளவை 145.5 பாகையில் உருகிக் கலங்கல் திரவமாகவும், 178.5 பாகையில் தெளிந்த திரவமாகவும் மாறக் கண்டார். இடைப்பட்ட அந்நிலையில் பொருளானது திரவம்போல் ஓடும். ஆயின் அதன் மூலக்கூறுகள் பளிங்கிற்போல ஓரொழுங்கில் நிற்கும். கோல் வடிவான அம்மூலக்கூறுகளை மின்புலத்தாற் திருப்புதல் இயலும். முனைவாக்கித் தகடுகள் இரண்டினிடையே இப்பொருளை வைத்து, மூலக்கூறுகளைத் திருப்பி, ஒளியைப் போகவிடவோ தடுக்கவோ செய்யலாம். எனவே திரவப்பளிங்கு விளக்கன்று; கதவேயாம். கதவுக்குப் பின்னால் வேறொரு விளக்கு எரிதல் வேண்டும். அவ்விளக்கே பின்னொளி எனப்படும்.

இக்கதவு ஒளியைச் சிக்கனமாகப் போகவிடுவதன்று. முதல் முனைவாக்கி, வரும் ஒளியிற் பாதிக்கு மேற்பட்டதை உறிஞ்சிக்கொள்ளும். செம்மை, பச்சை, நீலம் என்னும் நிறவடிகள் எஞ்சியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினைக் கொள்ளும். திரான்சிற்றர்களும் நுண்கம்பிகளும் மறைக்கும் இடம் வேறு. இவையெல்லாம் கழியப் பின்னொளியில் நூற்றுக்கு 5 பங்களவே கண்ணை வந்தடையும். எஞ்சிய 95 பங்கும் திரையினுள்ளேயே வெப்பமாக மாறும்.

இனி, ஞாயிற்றின் வலிமையை அளவிட்டு நோக்குதல் தகும். தெளிந்த வானத்து நண்பகல் வெயில் ஒரு பரப்பின்மேல் ஏறத்தாழ 100,000 இலக்சு ஒளியைப் பொழியும். போர்விமானம் போன்றவற்றில் விமானியின் தலைக்குமேல் கண்ணாடிக் கவிகையே உள்ளதாதலின், அவ்வளவு ஒளியும் திரைமேல் நேரே விழக்கூடும். திரையின் முகப்பு அதில் நூற்றுக்கு ஒரு பங்கினைப் பரவலாகத் தெறிக்கச்செய்யுமெனக் கொள்வோமாயின், அத்தெறிப்பு மாத்திரமே சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 320 கந்தெலா துலக்கத்தைத் தரும். திரையிற் கறுப்பாகத் தோன்றவேண்டிய இடமும் இத்துலக்கத்தைப் பெற்றுச் சாம்பல் நிறமாகும். திரையின் வெண்மை சதுர மீற்றருக்கு 1000 கந்தெலாவாயின், வெயிலில் அது 1320 ஆகவும் கருமை 320 ஆகவும் தோன்றும். அஃதாவது வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் நான்குக்கு ஒன்று என்னும் அளவிலேயே நிற்கும். எழுத்தைப் படிக்கலாம், நுண்ணிய நிறவேறுபாடுகளை விரைந்து உணர்தல் அரிது.

அந்த 1000 கந்தெலாவைப் பெறுதற்கு ஆகும் செலவு யாது? 20 சதமமீற்றர் நீளமும் 15 சதமமீற்றர் அகலமும் உடைய திரையொன்றை எடுத்துக்கொள்க. அதன் முகத்திலிருந்து வெளிவரவேண்டிய ஒளி ஏறத்தாழ 94 உலூமென். திரை நூற்றுக்கு 5 பங்கினையே விடுமாதலின், அதன் பின்புறத்தே ஏறத்தாழ 1900 உலூமென் வந்தடைதல் வேண்டும். ஒளியைச் சமமாகப் பரப்பும் தகடுகளில் நேரும் இழப்பையும் சேர்க்க, விளக்குகள் 2500 உலூமென் தரவேண்டியிருக்கும். ஓர் உவாற்றுக்கு 100 உலூமென் தரும் விளக்குகளாயின் 25 உவாற்று வலு செலவாகும். அதே திரைமேல் நேர்விழும் வெயில், சதுர மீற்றருக்கு 1000 உவாற்றென்னும் கணக்கில், 30 உவாற்று வலுவைச் சுமந்து வருகின்றது. விளக்கு உள்ளிருந்து தரும் வெப்பத்தினும் ஞாயிறு வெளியிலிருந்து தரும் வெப்பம் மிகுதி என்பது இதனாற் பெறப்படும்.

ஒளிகாலும் இருவாயி வருமுன்னர் இப்பணியைச் செய்தது புளொரொளிர்வு விளக்காகும். அதனுள்ளே இரச ஆவியில் மின்னோட்டம் பாயும்போது ஊதாக்கடந்த கதிர்கள் தோன்றும். குழாயின் உட்பூச்சு அவற்றை வெள்ளொளியாக மாற்றும். இரச ஆவியின் அமுக்கம் குழாய்ச் சுவரின் வெப்பநிலையைப் பொறுத்தது. ஏறத்தாழ 40 பாகையில் இவ்விளக்கு மிகச் சிறந்த ஒளியைத் தரும். அதனினும் குளிரில் ஆவி போதாது. அதனினும் வெப்பத்தில் ஆவி மிகுந்து தன் கதிரைத் தானே உறிஞ்சும். பனிபடர்ந்த விமானநிலையத்தில் இரவெல்லாம் நின்ற விமானத்தில் இவ்விளக்கை எழுப்புதற்குச் சூடாக்கிகள் வேண்டியிருந்தன. உயர்ந்த மின்னழுத்தம், அதிர்ச்சியில் உடையும் கண்ணாடி, நச்சுத்தன்மையுள்ள இரசம் ஆகியவை ஏனைய குறைகள்.

ஒளிகாலும் இருவாயியின் வரலாறு வேறு வகையினது. மேலதிகமான இலத்திரன்களையுடைய மறைவகைக் குறைகடத்தியும், இலத்திரன் குறைவால் உண்டான துளைகளையுடைய நேர்வகைக் குறைகடத்தியும் ஒன்றையொன்று தொடும் சந்தியில் மின்னோட்டம் பாயும்போது, இலத்திரன்கள் துளைகளில் விழுகின்றன. அவ்வீழ்ச்சியில் விடுபடும் சக்தி ஒளியாக வெளிப்படும். வீழ்ச்சியின் அளவே ஒளியின் நிறத்தைத் தீர்மானிக்கும். 1962 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் நிக் கொலொனியாக் கட்புலனாகும் செவ்வொளி தரும் இருவாயியை ஆக்கினார். நீல ஒளிக்குப் பெரிய சக்தியிடைவெளி வேண்டியிருந்தமையால் அது நெடுங்காலம் கைகூடவில்லை. கல்லியம் நைத்திரைட்டு என்னும் அரிய பளிங்கினை யப்பானியரான ஐசாமு அக்காசாக்கி, கிரோசி அமானோ, யப்பானிற் பிறந்த சூசி நாக்காமுறா ஆகிய மூவரும் பல்லாண்டு முயன்று வசப்படுத்தினர். 1993 இல் ஒளிமிக்க நீல இருவாயி வெளியாயிற்று. 2014 ஆம் ஆண்டுப் பௌதிகவியல் நோபெற் பரிசு அம்மூவர்க்கும் வழங்கப்பட்டது. நீல இருவாயியின்மேல் மஞ்சளொளி தரும் ஒளிர்பொருளைப் பூசியவுடன் வெள்ளொளி கிடைத்தது. அதன்பின் விமானத்திரையின் பின்னொளியாகவும் அது இடம்பெற்றது.

குளிரில் இவ்விருவாயி தயங்குவதில்லை. மாறாக மிகுதியாக ஒளிரும். அதிர்ச்சிக்கு அஞ்சுவதில்லை. ஆயின் வெப்பம் அதன் தீராப் பகை. வெப்பநிலை உயருந்தோறும் இலத்திரன்களுட் பல, ஒளியை உண்டாக்காமலே சக்தியை இழக்கின்றன. அறை வெப்பநிலையிலிருந்து 100 பாகைக்கு ஏறும்போது வெள்ளை இருவாயி தன் ஒளியிற் பத்திலொரு பங்கிலிருந்து ஐந்திலொரு பங்குவரை இழத்தல் இயல்பு. வேறு சேர்வையாலான செவ்விருவாயி பாதியளவு வரையும் இழக்கக்கூடும். அன்றியும், சக்தியிடைவெளி சுருங்குதலால் ஒளியின் நிறமும் செம்மையை நோக்கிச் சிறிதே நகரும். நீண்டகாலம் வெப்பத்தில் நின்ற இருவாயியின் உறைப்பொருளும் ஒளிர்பொருளும் நலிவுற்று, அதன் ஆயுள் குறுகும்.

மற்றொரு நுட்பமும் அறியற்பாலது. மின்னிழை விளக்கு தன் வெப்பத்தின் பெரும்பகுதியைச் செந்நிறக்கீழ்க் கதிர்களாக முன்னோக்கி வீசிவிடும். இருவாயியோ அங்ஙனம் வீசுவதில்லை. கடுகினும் சிறிய சந்தியில் உண்டாகும் வெப்பம் முழுவதும் அதன் அடியினூடாகக் கடத்தப்பட்டே வெளியேற வேண்டும். குளிர்ந்த ஒளி தரும் விளக்கு எனப் பலர் இதனைக் கூறுவர். ஒளி குளிர்ந்ததே, விளக்கு குளிர்ந்ததன்று.

விமானம் நிற்கும் இடத்தை நோக்கின் இத்துன்பத்தின் அளவு விளங்கும். குவைத்து நாட்டின் மித்திரிபா என்னும் இடத்தில் 2016 ஆம் ஆண்டு யூலை 21 ஆம் நாள் 53.9 பாகை வெப்பநிலை பதிவாயிற்று. உலக வளிமண்டலவியல் நிறுவனம் அதனைப் பின்னர் ஏற்றுக்கொண்டது. இது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். மூடிய விமானியறையில் வெயில் புகுந்து தங்குமாதலின் அங்கு வெப்பம் இதனினும் மிக உயரும். இதுபற்றியே விமானக் கருவிகளுக்கான டீஓ-160 என்னும் நியமம், விமானியறைக் கருவிகளுக்குரிய வகையொன்றில், 55 பாகையில் இடையறாது இயங்குதலையும், 70 பாகையிற் குறுகிய நேரம் இயங்குதலையும், 85 பாகையில் இயங்காது நின்று பின்னர்ப் பழுதின்றி எழுதலையும் வேண்டுகின்றது. குளிர்காற்றுத் தடைப்பட்டபோதும் கருவி குறித்த நேரம் இயங்குமா என்பதும் சோதிக்கப்படும். வானில் ஏறியபின் வெளிக்காற்றுக் குளிரும். ஆயின் 12 கிலோமீற்றர் உயரத்திற் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதிற் காற்பங்களவேயாகும். ஐதான காற்றினால் வெப்பத்தைச் சுமந்துசெல்லும் ஆற்றல் குன்றுமாதலின், அமுக்கமூட்டப்படாத அறையில் உள்ள கருவிக்கு உயரமும் ஒருவகைத் துன்பமே.

இவற்றை ஒருங்கே நோக்கும்போது இடர்ப்பாட்டின் உள்ளுரு புலனாகும். மிகுந்த ஒளி வேண்டப்படுவது வெயில் மிக்க வேளையில். இருவாயி மிகக் குறைந்த ஒளி தருவதும் அதே வேளையில். ஒளி குறைந்ததென்று மின்னோட்டத்தைக் கூட்டினால் வெப்பம் பெருகும். வெப்பம் பெருகினால் ஒளி மேலும் குறையும். அதனால் மின்னோட்டத்தை மேலும் கூட்ட நேரும். கடுவெயிலிற் பிடித்த கைப்பேசியின் திரை சிறிது நேரத்தில் தானே மங்குவதைப் பலரும் கண்டிருப்பர். அக்கருவி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அங்ஙனம் செய்கின்றது. கைப்பேசிக்கு அது பொருந்தும். தரையிறங்கும் விமானத்தின் திரைக்குப் பொருந்துமா?

முன்னர்க் கூறிய திரையையே மீண்டும் கணக்கிட்டு நோக்கலாம். விளக்கின் 25 உவாற்றும் வெயிலின் 30 உவாற்றுமாக 55 உவாற்று வெப்பம் வெளியேற வேண்டும். ஓர் உவாற்றுக்குப் பேழையின் வெப்பநிலை அரைப் பாகை உயருமெனக் கொண்டால், 55 பாகைக் காற்றில் உள்ள பேழை 82.5 பாகையை எய்தும். இருவாயிகள் அறுபதாயின் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.3 உவாற்று வெப்பம் தோன்றும். சந்தியிலிருந்து பேழைக்கு உவாற்றொன்றுக்கு 20 பாகை வெப்பத்தடை உண்டெனின், சந்தி இன்னும் 6 பாகை உயர்ந்து 88.5 பாகையில் நிற்கும். இது தாங்கக்கூடியதே.

இப்போது விகிதம் நான்கு போதாது, பதின்மூன்று வேண்டுமென விமானி கேட்பாராக. விளக்கைப் பெருக்கியே அதனைப் பெறுவதாயின் 1000 கந்தெலா ஏறத்தாழ 4000 ஆகவேண்டும்; வலு 100 உவாற்றாகும். வெயிலோடு கூட 130 உவாற்று வெப்பம் சேரும். பேழை 120 பாகையையும், இருவாயிச் சந்தி 144 பாகையையும் எட்டும். இருவாயி தன் எல்லைக்கு அண்மையில் நிற்கும். திரவப்பளிங்கோ அதற்கு முன்னரே தன் இயல்பை இழந்துவிடும். றைனிற்சர் கண்ட அந்தத் தெளிநிலை, விமானத்திரைகளில் வழங்கும் கலவைகள் பலவற்றில் 100 பாகைக்கு அண்மையில் வாய்ப்பதாகும். அந்நிலையில் மூலக்கூறுகளின் ஒழுங்கு குலையும். திரையின் கதவு மின்னாணைக்குக் கீழ்ப்படியாது. படம் மறைந்து திட்டு மாத்திரம் எஞ்சும். குளிர்ந்தபின் படம் மீளும் என்பது மெய்யே. ஆயின் அவ்விடைவேளை விமானிக்குரியதன்று.

இதே விகிதத்தை வேறு வழியாற் பெறலாம். முகப்பின் தெறிப்பை நூற்றுக்கு ஒன்றிலிருந்து காற்பங்காகக் குறைத்தால், வெயிலால் உண்டாகும் துலக்கம் 320 இலிருந்து 80 கந்தெலாவாகக் குறையும். அப்போது வெண்மை 1080, கருமை 80. விகிதம் பதின்மூன்றுக்கு மேற்படும். ஓர் உவாற்றும் மிகையாகச் செலவாகவில்லை. ஒரு பாகையும் மிகையாக ஏறவில்லை. இதனாலேயே முகப்புக் கண்ணாடிக்குத் தெறிப்பைக் குறைக்கும் மென்படலங்கள் பூசப்படுகின்றன. கண்ணாடிக்கும் திரைக்கும் இடையேயுள்ள காற்றிடைவெளியை ஒளிபுகும் பசையால் நிரப்பி, அவ்விடத்துத் தெறிப்பையும் அகற்றுவர். வெப்பத்திலும் ஈரத்திலும் நலியும் அயடீன் வகை முனைவாக்கிக்குப் பதிலாக, சாயவகை முனைவாக்கியை வெம்மைமிக்க இடங்களுக்குத் தெரிவர். விளக்கைப் பெருக்குவதன்முன் பகையொளியைக் குறைத்தல் வேண்டும் என்பதே இத்துறையின் முதல் விதியெனலாம்.

இரண்டாவது விதி வெப்பத்துக்கு வழிவிடுதல். இருவாயிகளைச் சாதாரண மின்சுற்றுத் தட்டிற் பொருத்தாது, அலுமினியத்தை அல்லது செப்பை உட்கொண்ட தட்டிலோ, மட்பொருட் தட்டிலோ பொருத்துவர். அங்கிருந்து வெப்பம் பேழைக்கும் செட்டைகளுக்கும் செல்லும். ஓரிடத்தில் ஆவியாகி மற்றோரிடத்தில் ஒடுங்கும் திரவத்தைக் கொண்ட வெப்பக்குழாய்களும் உதவும். பாலைநிலத்தில் விசிறி தூசியை இழுக்குமாதலின், விசிறியின்றியே குளிரும் அமைப்பு விரும்பப்படும். இருவாயிகளைத் திரையின் விளிம்பில் மாத்திரம் நிரைப்படுத்தினால் கருவி மெலிதாகும். ஆயின் வெப்பம் அவ்விளிம்பிற் குவியும். திரையின் பின்புறம் முழுவதும் பரப்பினால் தடிப்பு மிகும், வெப்பமும் பரவும். மிகுந்த ஒளி வேண்டும் விமானத்திரைகளிற் பின்னைய முறைக்கு ஏற்றம் உண்டு.

மூன்றாவது விதி சுமையைப் பகிர்தல். மின்னோட்டம் மிகுந்தோறும் நீல இருவாயியின் திறன் குறைகின்றது. ஆகவே சில இருவாயிகளை முழுவலுவில் ஓட்டுவதினும், பல இருவாயிகளை இளவலுவில் ஓட்டுதல் நன்று. அதே ஒளிக்குக் குறைந்த வெப்பமே தோன்றும். அவற்றைத் தனித்தனி நிரைகளாகப் பிரித்து, நிரைக்கொரு மின்னோட்டம் தருவர். ஒரு நிரை அற்றாலும் திரை இருளாது, சிறிதே மங்கும். வெப்பவுணரி எல்லை நெருங்கியதை அறிவித்தால் ஒளி படிப்படியாகக் குறையுமேயன்றித் திடீரென அணைதல் ஆகாது. ஒளியுணரியொன்று விளக்கின் மெய்யான ஒளியை அளந்து, வெப்பத்தாலும் முதுமையாலும் நேரும் குறையை ஈடுசெய்யும்.

பகலின் கடமை இத்துணையாக, இரவின் கடமை இதற்கு நேர்மாறானது. இருண்ட வானில் 1000 கந்தெலாத் திரை விமானியின் கண்ணைக் கூசச்செய்து வெளியுலகை மறைக்கும். சதுர மீற்றருக்கு ஒரு கந்தெலாவுக்கும் கீழே திரை தணிதல் வேண்டும். மின்னோட்டத்தை ஆயிரத்திலொரு பங்காகக் குறைத்தால் இருவாயிகள் ஒன்றற்கொன்று வேறுபட்டு ஒளிரும்; நிறமும் மாறும். ஆகவே மின்னோட்டத்தின் அளவை மாற்றாது, அது பாயும் நேரத்தைச் சுருக்குவர். செக்கனுக்கு 200 முறை விளக்கு துடிக்குமாயின் ஒவ்வொரு சுற்றும் 5 மில்லிசெக்கன் ஆகும். அதில் 5 மைக்கிரோசெக்கன் மாத்திரம் ஒளிர்ந்தால் ஆயிரத்திலொரு பங்கு ஒளி கிடைக்கும். கண் அத்துடிப்பை உணராது, மங்கிய ஒளியையே உணரும்.

இரவுப்பார்வைக் கண்ணாடி அணிந்த விமானிகளுக்கு இதுவும் போதாது. அக்கண்ணாடி செந்நிறத்திலும் செந்நிறக்கீழ்ப் பகுதியிலும் உள்ள மெல்லொளியைப் பன்மடங்கு பெருக்குவது. வெள்ளை இருவாயியின் ஒளியில் உள்ள செம்பகுதி அதனைக் குருடாக்கும். செம்பகுதியை வடியால் நீக்கலாம். ஆயின் வடி பகலொளியையும் உறிஞ்சி, அரிதிற் பெற்ற ஒளியை வெப்பமாக்கிவிடும். ஆகவே பகலுக்கொரு தொகுதியும், வடியிட்டு இரவுக்கொரு தொகுதியுமாக இருவகை விளக்குகளை ஒரே பேழையில் அமைப்பர்.

மேற்கூறியவற்றால், விமானத்திரையின் ஒளி இருவாயியொன்றின் ஆற்றலால் மாத்திரம் அமைவதன்று என்பது தெளிவாகும். முகப்பின் பூச்சு, பசை, முனைவாக்கி, தட்டு, பேழை, உணரி ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்கைச் செய்தாலன்றி, மிகச் சிறந்த இருவாயியும் நண்பகல் விளக்காகவே முடியும். ஒளியை மேன்மேலும் ஆக்குதல் எளிது. வேண்டாத ஒளியைத் தவிர்த்தலும், வந்த வெப்பத்தை வழியனுப்புதலும் அரிது. முகிலினூடே தரையிறங்கும் விமானத்திற் பயணஞ்செய்யும் நூற்றுக்கணக்கானோர் அத்திரையைக் காண்பதில்லை. அதனைக் காணும் இருவருக்கு அது என்றும் தெளிவாகத் தோன்றும்பொருட்டே, ஒவ்வொரு பாகையும் ஒவ்வொரு கந்தெலாவும் இத்துணை நுணுக்கமாகக் கணக்கிடப்படுகின்றன.